நீரிழிவின் முன்னடையாளம்

நீரிழிவு யாருக்கு வருமென்பதை முன்கூட்டியே இரத்தத்திற் படிக்கலாமென்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். உணவும் பட்டினியும் மரபணுவின் எழுத்தை மாற்றாமலே அதன்மீது இரசாயன முத்திரை பதிக்கின்றனவாம். ஹாலந்தில் 1944-45 பஞ்சகாலத்திற் கருவாகிப் பிறந்தவர்களிடம், அறுபது வயதை நெருங்கும்போதும் அம்முத்திரை அழியாமலிருந்தது. லண்டன்வாழ் இந்தியரையும் ஐரோப்பியரையும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவோ, ஐந்து மரபணு இடங்களிலுள்ள முத்திரைகள் பிற்கால நோயை முன்னறிவிப்பதாகக் கூறுகிறது.

மெச்சத்தக்க வேலைதான். இதைக் கொண்டு கட்டணத்தை உயர்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முந்திக்கொள்ளும் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை! ஜவ்வாது மலையில், காவலூரில் வாழும் ஏழைத் தாய்க்கு இதனால் என்ன லாபமென்பதே நமது கேள்வி. 1986 முதல் அங்கே 93 அங்குலத் தொலைநோக்கி நட்சத்திரங்களை ஆராய்கிறது. நாட்டுக்கு அது பெருமையே. ஆனால் அதன் நிழலிலுள்ள மலையாளிப் பழங்குடியினரின் உடல்நிலையை ஆராய அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை.

சென்னை நிபுணர்கள் 2005-ல் வகுத்த கணக்குக்கு ஒரு துளி இரத்தமும் வேண்டாம். வயது, இடுப்பளவு, தேக உழைப்பு, பெற்றோருக்கு நோயுண்டா என்பவை போதும். நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் வந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டியது. இந்தியாவில் நீரிழிவாளர் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டனரென்று 2023-ல் கணக்கு வெளியான பின்னும், விலையுயர்ந்த சோதனை மலிவாகட்டுமென்று காத்திருப்பது அடாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் அளவுநாடாவுடன் மலைக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் செல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்கு, அம்மலையில் விளையும் சாமையோடு பருப்பும் முட்டையும் பாலும் தவறாது கிடைக்கச் சர்க்கார் வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கவேண்டும்.