சுளுக்கு என்று நீவாதீர்கள்!

நேற்று வரை வீடெல்லாம் ஓடிய குழந்தை இன்று காலை ஊன்ற மறுக்கிறது; உடம்பும் கொதிக்கிறது. "எங்கேயோ விழுந்திருக்கும்" என்று பாட்டி தைலத்தை எடுத்து வருவாள். வேண்டாம், சகோதரிகளே! பாட்டியின் கைராசியில் எனக்கும் நம்பிக்கை உண்டு; ஆனால் சுளுக்குக்கு ஜுரம் வராது.

மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சிரங்கிலோ தொண்டையிலோ இருந்த கிருமி ரத்தத்தோடு போய் மூட்டில் தங்கிவிடுவதுண்டு. முழங்கால் என்றால் வீங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். இடுப்பு மூட்டோ ஆழத்தில் இருப்பது. வெளியே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையானால், துணி மாற்றக் காலைத் தூக்கும்போது வீரிட்டு அழும். அந்தக் காலை மடக்கி அகட்டியே வைத்திருக்கும். பச்சைக் குழந்தைக்கு ஜுரமே இல்லாமலும் இருக்கும்.

சளி பிடித்து விட்டபின் சில நாள் நொண்டித் தானே சரியாகிற குழந்தைகளும் உண்டுதான். எது என்று டாக்டர் சொல்லட்டும். ஆனால் அன்றைக்கே போங்கள். சீழ் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். பிறகு ஆயுள் முழுதும் நொண்ட நேரலாம்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதிருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கான் எல்லாம் செய்தாலும், மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதற்குள் வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் கிருமி அகப்படாமல் போகும்.

சீழைக் கழுவி எடுத்து, நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். பின்பு வாரக்கணக்கில் மாத்திரை. வலி போனதும் நாமாக நிறுத்தக் கூடாது. மூட்டில் ஊசி என்றதும் பெற்ற வயிறு பதறும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள்.