ஹாஃப் ட்ரூத்: பாதி உண்மை அல்ல

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதில்லை. அங்கிருந்து சற்று நடந்தால் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாசல். பங்குனித் திருவிழாவின்போது அங்கே பஞ்ச பாண்டவர்களின் பிரம்மாண்டமான உருவங்களை நிறுத்துவார்கள். இந்திரன் மனம் குளிர்ந்து மழை தருவான் என்பது ஐதீகம். அந்த ஐவரில் மூத்தவரான தர்மரிடம் ஓர் ஆங்கிலப் பாடம் இருக்கிறது: ஹாஃப் ட்ரூத்.

குருட்சேத்திரத்தில் துரோணரை வீழ்த்த வழியில்லை. அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்ற பீமன், 'அசுவத்தாமன் இறந்தான்' என்று கூவினான். துரோணரின் மகன் பெயரும் அதுவே. அவர் நம்பாமல், பொய் பேசாத தர்மரைக் கேட்டார். தர்மரும் அதையே சொல்லி, 'யானை' என்ற சொல்லை மட்டும் காதில் விழாதபடி முணுமுணுத்தார். துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார், உயிரையும் இழந்தார்.

தர்மர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கேட்டவர் மனதில் பதிந்ததோ முழுப் பொய். ஹாஃப் ட்ரூத் என்பதில் பெரும்பாலும் இந்த ஏமாற்றும் நோக்கம் ஒளிந்திருக்கும். 'பாதி சரி, பாதி தவறு' என்று மட்டும் பொருள் கொண்டால் சறுக்கல்தான்.

மேலதிகாரியின் குறிப்பில் ஒரு விவரம் சரி, மற்றொன்று தவறு என்று சொல்ல விரும்பும் ஊழியர், 'இட் இஸ் எ ஹாஃப் ட்ரூத்' என்று எழுதினால் வந்தது வினை. 'வேண்டுமென்றே மறைக்கிறீர்கள்' என்ற குற்றச்சாட்டாக அது படிக்கப்படும். 'பார்ட்லி ட்ரூ' என்றால் வம்பில்லை. 'எ கிரெய்ன் ஆஃப் ட்ரூத்' வேறு ரகம்: பெரும்பாலும் பொய்யான வதந்திக்குள் இருக்கும் குன்றிமணி அளவு உண்மை.

பெரிய இடத்து மழுப்பலுக்கும் ஆங்கிலத்தில் பெயர் உண்டு. 1986இல் முன்னாள் ஒற்றர் ஒருவரின் நூலைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு சிட்னி நீதிமன்றத்தில் வழக்காடியது. சாட்சி சொன்ன அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஒரு கடிதம் பொய்யா என்ற கேள்விக்கு, 'எகனாமிக்கல் வித் த ட்ரூத்' என்றார். உண்மையைச் சிக்கனமாகச் செலவிட்டதாம்! அடுத்த ஆண்டு அரசு தோற்றது.

நம் நீதிமன்றங்களிலும் சாட்சியிடம் உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்றுதான் சத்தியம் வாங்குகிறார்கள். ஹாஃப் ட்ரூத் மாட்டிக்கொள்வது நடுவில் உள்ள 'முழு'வில். வியாசரின் தீர்ப்பும் அதுவே. தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய தர்மரின் தேர், அந்த முணுமுணுப்போடு மண்ணைத் தொட்டது.