7 கிலோவும் ஓர் உடுக்கையும்

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் சென்ற மாதம் ஆர்.எஸ். புரத்தில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: “விமானக் கம்பெனிக்கு ஜாதி கிடையாது ஐயா. அதனிடம் இருப்பது ஒரு டேப்பும் ஒரு தராசும்தான்.” 55 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 கனம், எடை 7 கிலோ. அதற்குள் அடங்குவது கைப்பை, அடங்காதது சரக்கு; சிதாரானாலும் சிலம்பானாலும் அதுதான் நியதி என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த வாக்கியத்தின் லட்சணத்துக்காக நானும் ஆட்டித் தொலைத்தேன். ஆனால் அது பொய். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சிதார் உடைந்தால் நமக்கெல்லாம் வலிக்கிறது. 2018 ஜனவரியில் சுபேந்திர ராவின் சிதார் ஏர் இந்தியா விமானத்தின் சரக்கறையில் போய் நியூயார்க்கில் உடைந்து இறங்கியது. 2014-ல் அம்ஜத் அலி கானின் சரோத் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கையில் சில நாட்கள் காணாமற்போயிற்று. கனடாக்காரரான டேவ் கரோல், உடைந்த தன் கித்தாருக்காக 2009-ல் பாட்டே கட்டி யுனைடெட் கம்பெனியைச் சந்தி சிரிக்க வைத்தார். அமெரிக்காவில் 2012-ல் இதற்குச் சட்டம் வந்தது; 2015-ல் விதிகளும் வந்தன. ஏறும்போது இடமிருந்தால் வாத்தியத்தை மேலே வைத்துக்கொள்ள விட வேண்டும், அதற்கென்று தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். இங்கே 2019-ம் வருஷத்துப் பயணிகள் சாசனத்தின்படி, உள்நாட்டுப் பயணத்தில் மூட்டை தொலைந்தாலும் சிதைந்தாலும் கம்பெனியின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். நகைக்கடன் கௌண்டரில் நாளெல்லாம் எடை பார்க்கிறவன் நான். கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் நாங்களும் எழுதுகிறோம் என்றாலும், ஒரு ஆயுளின் கைப்பழக்கத்தை இவ்வளவு துணிச்சலாகக் கழித்து எழுத எங்களாலும் முடியாது.

இதற்கெல்லாம் கோபப்பட்டவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. அந்தக் கோபம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதில்தான் தகராறு.

முதலில் டேப்பைப் பார்ப்போம். ஒரு வயலின் பெட்டி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். கித்தார் உறையோடு ஒரு மீட்டர். இரண்டும் 55-க்குள் அடங்காது. ஆனாலும் இரண்டும் தினந்தோறும் கேபினுக்குள் போகின்றன, போகவும் வேண்டும். யாரோ ஒரு சிப்பந்தி பார்த்து, இது வாத்தியம், இதை வீசியெறியக் கூடாது என்று தீர்மானிக்கிறார். அந்தக் கணத்தில் டேப் சுருண்டுகொள்கிறது. அளப்பது கண். அந்தக் கண் எங்கே பயின்றது என்று கேட்பது விமர்சகன் வேலையில்லையா? (நாலடிக்கு மேல் போகும் வீணையின் சங்கடம் நிஜமாகவே நீளத்தின் சங்கடம். அதை இங்கே விடுகிறேன்.)

உடுக்கை ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. இடை சிறுத்த பித்தளைக் கூடு, இரு முகத்திலும் ஆட்டின் மெல்லிய சவ்வு, இழுத்துக் கட்டிய கயிறு. கம்பெனி கேட்கிற சட்டத்துக்குள் இரண்டு உடுக்கை உட்காரும்.

போன வருஷம் தில்லியில் ஒரு கருத்தரங்குக்கு, காங்கேயத்துக்கு அப்பாலிருந்து அண்ணன்மார் கதை படிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். பி.ஏ. ஆங்கிலம் இப்படித்தான் எப்போதாவது உதவுகிறது. பீளமேட்டில் ஏறியபோது ஒரு வம்பும் இல்லை. திரும்பும்போதுதான். ஊர் பெயர் வேண்டாம். எங்களுக்கு முன்னால் கித்தாரோடு ஒரு பையன். எந்த பாண்ட் என்று சிரித்துக்கொண்டே விசாரித்து அனுப்பினார்கள். அடுத்தது பெரியவரின் துணிப்பை. உடுக்கையை இரண்டு விரலால் தூக்கி, தோல் சாமான், உள்ளே ஆகாது, சரக்கில் போடு என்றார்கள். வாத்தியம் என்றேன். அந்தச் சொல் அங்கே விலை போகவில்லை. பின்னால் வரிசை நீண்டது. நான் இங்கிலீஷுக்குத் தாவி, இது வெறும் ஷோபீஸ், அலங்காரச் சாமான் என்றேன். உடனே முகங்கள் இளகின. போங்கள் என்றார்கள்.

பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஷோபீஸ் தெரியும். எந்த வீட்டில்தான் கண்ணாடி அலமாரி இல்லை?

விமானத்தில் பையை முன்சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார்கள். காலடியில் வைக்கமாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு மேலே, சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே, என் ஸ்வெட்டரைச் சுற்றி வைத்தோம். அரைமணி நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “ஏனுங் தம்பி, ஷோபீஸுன்னா பாட்டுக்கு ஆவாததுன்னுதானுங்களே அர்த்தம்?”

பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அந்த இடத்தில் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, நம்மிடம் கற்றது. நாம் உடுக்கையை அட்டைப்படமாகப் போடுகிறோம். ‘தொன்மம்’ என்கிறோம், ‘நாட்டார் வடிவம்’ என்கிறோம். கவிதையில் ஒரு வரி உறுமவேண்டுமானால் கூப்பிடுகிறோம். பிரெண்டா பெக் என்ற கனடா மானுடவியலாளர் 1965-ல் ஓலப்பாளையத்தில் இருந்து இந்தக் கதையை டேப்பில் பதிந்தார். 1992-ல் சென்னையில் இரு மொழிப் புத்தகமாக வந்தது. அந்த அம்மாள் கண்விழித்துக் கேட்டார். நாம் புத்தகத்தை வாங்கி, கேட்காமலே மேற்கோள் காட்டினோம். சொல்லை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய தாளத்தைச் சரக்கில் போட்டது யார்? ஒரு படுகள ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து, காலையில் பாங்குக்கு வந்தவன்.

தோல்தான் காரணம் என்று சொல்ல வராதீர்கள். மிருதங்கத்திலும் பசுத்தோல் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் புத்தகம் எழுதினார்; அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. தோல் மேடையில் இருக்கலாம், பேச்சில் வரக்கூடாது. விமானம் வரைக்கும் போவானேன்? 2023 மே மாதம் திருநெல்வேலியில் பறைகளோடு ஏறிய ஒரு கல்லூரி மாணவியை அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட சேதி பத்திரிகையில் வந்ததே. அங்கே டேப் எங்கே, தராசு எங்கே?

உடுக்கை உள்ளே வந்துவிட்டதல்லவா, அப்புறம் என்ன என்று நண்பர் கேட்பார். வந்தது. வாத்தியமாக வரவில்லை. கித்தார் கித்தாராகவே வந்தது.

பீளமேட்டில் இறங்கியதும் வாகனங்கள் நிற்கிற இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், பெரியவர் பையைப் பிரித்தார். கேபின் காற்றில் ஈரம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்பார்கள். சவ்வு விறைத்திருந்தது. ஒரு தட்டுத் தட்டி, “ஏறிப்போச்சு” என்றார். விரலை நாக்கில் தொட்டு முகத்தில் தேய்த்தார், மறுபடி தட்டினார், மறுபடி தேய்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. டாக்ஸிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் கையில் ஸ்வெட்டரோடு நின்றேன். சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறும்போது, பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.