பொத்தானின் நிறம்

‘பொத்தான்’ என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்தது. முதலில் அது சட்டையின் இரு விளிம்புகளைச் சேர்ப்பதைக் குறித்தது. பின்னர், மின்விளக்கை ஏற்றவும் அவிக்கவும் அழுத்துங் குமிழையும் குறித்தது. இன்றோ, கைப்பேசியின் கண்ணாடித் திரைமேல் தோன்றும் வண்ணக் கட்டமொன்றையும் குறிக்கின்றது. முன்னைய இரண்டும் கையாற் பற்றத்தக்க பொருள்கள். மூன்றாவது பொருளன்று, வெறுந் தோற்றமே. கண்ணை மூடிக்கொண்டு திரையை விரலால் தடவினால், அஃது அங்கிருப்பதே புலனாகாது. ஆகவே, நிறம், வடிவம், மேலெழுதிய சொல் ஆகிய மூன்றுமே அதற்கு உடலும் உயிருமாய் நிற்கின்றன. இம்மூன்றையும் செயலி அமைப்போர் எங்ஙனம் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதைக் குறித்து யாம் கருதுவன சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குச் செயலித் தொழிலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் எம்மை நகைத்ததுண்டு. அவர்கட்கு விடையாக, சென்ற கோடை விடுமுறையில் யாம் கண்டதொன்றைக் கூறுகின்றோம்.

எம் வகுப்பு நண்பரொருவர் கல்வராயன் மலையைச் சேர்ந்தவர். அவருடன் யாம் மூவர், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் சென்று, அதற்கப்பாலுள்ள அவர் சிற்றூரில் நான்கு நாள் தங்கினோம். நண்பரின் பாட்டனார் சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர். கிழங்கு விற்ற பணம் வங்கிக் கணக்கிற்கு வர, அதிலிருந்து திங்கள்தோறும் 99 ரூபாய் குறைந்துகொண்டே வந்தது. காரணம் விளங்காமையால், பெரியவர் தம் கைப்பேசியை எம்மிடம் தந்தார். பணம் செலுத்துஞ் செயலியொன்றில் அவர் தம்மையறியாமலே ஏதோவொரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தார். அத்தகைய மற்றோர் அழைப்பு அப்பொழுதும் திரையில் தோன்றிற்று. கீழே, திரையின் அகலம் முழுதும் பரந்து, தளிர்போல் ஒளிரும் பச்சைப் பொத்தான் ஒன்று. அதனடியில், வெண்மைமேல் சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை போன்ற ஆங்கில எழுத்துக்களில், ‘இப்பொழுது வேண்டாம்’ என்னும் பொருளுடைய தொடர் ஒன்று.

“தாத்தா, இதை ஏன் தொட்டீர்கள்?” என்று கேட்டோம்.

“பச்சைன்னா பேசறது, செவப்புன்னா வைக்கறது, அதானே தம்பி? பச்சையைத் தொட்டாத்தான் அடுத்தது வரும்னு தொட்டேன். நம்பரு கேட்டுச்சு, போட்டேன். கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாக்கவும் அதே நம்பரைத்தானே கேக்குது? வேற பட்டன் ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியலியே!” என்றார்.

மலையின் மடிப்பில் அலைத்தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. திட்டத்தை நிறுத்தும் வழியைத் தேடிக் கண்டுபிடிக்க எமக்கே அரைமணி நேரமாயிற்று. அவ்வழியும் சாம்பல் நிறத்திலேயே மறைந்திருந்தது. கழிந்த பணம் மீளவில்லை. கைப்பேசியைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பெரியவர், “இனிமே பச்சையைத் தொடலாமா, கூடாதா?” என்று வினவினார். எம்முள் ஒருவரும் உடனே விடை கூறினோமில்லை.

நிற்க. அப்பெரியவர் அறியாமையால் ஏமாந்தார் என்று சொல்லுதல் எளிது; அது பிழையுமாகும். அவர் ஆங்கிலம் அறியாதவரே. எனினும், நிறங்களின் மொழியைப் பிழையறக் கற்றவர். நிறங்கட்கு இயல்பாக ஒரு பொருளில்லை. வழக்கே பொருள் தருகின்றது. தமிழில் ‘செம்மை’ என்பது சிவப்பையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். செங்கோல், செம்மொழி என்பவற்றில் அது நன்மைப் பொருளில் நிற்கின்றது. ‘பச்சை’ என்பது தழையின் நிறத்தையும் குறிக்கும், வேகாத பண்டத்தையும் குறிக்கும். ஆயினும், இருப்புப்பாதைக் கைகாட்டியும் கொடியும் வந்தபின், சிவப்பு நிற்றலையும் பச்சை செல்லுதலையும் உணர்த்தலாயின. ‘பச்சைக்கொடி காட்டினார்’ என்று இசைவளித்தலை இன்று எல்லோரும் கூறுகின்றோம். கைப்பேசி வந்தபின், அழைப்பை ஏற்கப் பச்சை, துண்டிக்கச் சிவப்பு என்னும் வழக்கு, சாலைவிளக்கே காணாத மலையூர்களிலும் வேரூன்றிவிட்டது. மக்கள் நம்பிக் கற்ற இவ்வழக்கினை அவர்க்கு எதிராகவே திருப்பிவிடுபவர், சொல்லொன்றைப் பொய்ப்பொருளில் வழங்குபவரையே ஒப்பர். கற்றவர் பிழை செய்யவில்லை. எழுதியவரே பிழை செய்தார்.

இனி, செயலி அமைப்போர்க்குத் தெரிந்தெடுக்க நிறங்கள் குறைவோ எனின், இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளிகளுள் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் உண்டு. மூன்றையும் கலக்க 1,67,77,216 நிறங்கள் பிறக்கும். பொத்தானின் பின்புலம், எழுத்தின் நிறம், விளிம்பு, மூலையின் வளைவு, நிழல் ஆகிய ஒவ்வொன்றையும் சில வரிகளில் மாற்றிவிடலாம். ஆண்ட்ராய்டு, ஃபிளட்டர் முதலிய அமைப்புக்களில் இவற்றைப் பொத்தான்தோறும் தனித்தனியே எழுதாது, ‘தீம்’ என ஓரிடத்தே தொகுத்து வைக்கும் முறையும் உண்டு. அங்ஙனம் தொகுக்குங்கால், நிறத்திற்குப் ‘பச்சை’, ‘நீலம்’ எனப் பெயரிடாது, ‘முதற்செயல்’, ‘எச்சரிக்கை’ என அதன் தொழில்பற்றிப் பெயரிடுதலே தேர்ந்தோர் கைக்கொள்ளும் முறை. நம் இலக்கணத்தார் பெயர்களை இடுகுறி, காரணம் என வகுத்ததை இம்முறை எமக்கு நினைப்பூட்டுகின்றது. ‘எச்சரிக்கை’ என்று காரணத்தாற் பெயரிட்ட நிறத்தை, எச்சரிக்கை வேண்டாத இடத்தில் பூசுவதற்குக் கை கூசும்.

நிறத்தின் பொருள் செவ்வையாயிருப்பினும், அது கண்ணுக்குப் புலப்படாதாயின் பயனில்லை. எழுத்துக்கும் அதன் பின்புலத்திற்கும் உள்ள ஒளிவேற்றுமை, சிற்றெழுத்தாயின் 4.5-க்கு 1 என்னும் அளவிலேனும் இருத்தல் வேண்டும் என்பது, இணையத் தரங்களை வகுக்கும் உலகக் குழுவினர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. வெண்மைமேற் கருமை 21-க்கு 1. மஞ்சள்மேல் வெண்மையோ 1-ஐச் சிறிதே கடக்கும். குளிரூட்டிய அறையில் அமர்ந்து அமைப்பவர்க்கு அழகாய்த் தோன்றும் வெளிறிய நிறம், சித்திரை வெயிலில் மரவள்ளிக் கொல்லையில் நிற்பவர்க்கு வெறுங் கண்ணாடியாகவே தோன்றும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், குறுகிய இடத்தைக் குறிதவறாது தொடவும் இயலாது. தொடுமிடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என ஆண்ட்ராய்டின் நெறிகள் கூறுவது இதுபற்றியே.

அன்றியும், பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய மாட்டாத கண்களும் உள. ஆங்கில அறிஞர் ஜான் டால்ட்டன் தமக்கே இக்குறை இருந்ததை ஆராய்ந்து 1794-இல் உலகிற்கு அறிவித்தார். ஐரோப்பிய மரபினருள் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்மர்க்கு இக்குறை உண்டென்பர். நம் நாட்டிலும் இஃது அரிதன்று. எனவே, நிறத்தை மட்டும் நம்பி ஒரு பொருளை உணர்த்துதல் கூடாது. சொல்லும் குறியும் உடன் நிற்றல் வேண்டும். 2013-இல் ஆப்பிள் நிறுவனத்தார் தம் கைப்பேசிப் பொத்தான்கள் பலவற்றின் விளிம்பை நீக்கி, நிறமூட்டிய சொல்லை மட்டும் நிறுத்தினர். எது பொத்தான், எது வெறுஞ்சொல் என அறியாது பலர் இடர்ப்பட்டனர். அடுத்த ஆண்டிலேயே, வேண்டுவோர் பொத்தானின் வடிவத்தை மீண்டும் காணும்படி ஒரு வாய்ப்பை அவர்கள் சேர்த்தனர். அழகினும் தெளிவே முற்பட வேண்டுவது என்பதற்கு இதுவே சான்று.

மலையூரில் மற்றுமோர் இடரையும் கண்டோம். அலைத்தொடர்பு மெலிந்த இடத்தில், பொத்தானைத் தொட்டவுடன் ஒன்றும் நிகழாது. தொட்டோமா இல்லையா என ஐயுற்று மீண்டும் தொடுவர்; பணம் இருமுறை போய்விடுமோ என அஞ்சி வாளா இருப்பாரும் உளர். ஆகவே, பொத்தானுக்கு ஒரு தோற்றம் போதாது. தொடுமுன் ஒன்று, தொட்டபொழுது ஒன்று, விடைக்குக் காத்திருக்கையில் ஒன்று, முடிந்தபின் ஒன்று என நான்கு தோற்றங்கள் வேண்டும். காத்திருக்கும்பொழுது மங்கி நின்று, ‘அனுப்பப்படுகிறது’ என்று அதுவே கூறுமாயின், மலைமேல் நிற்பவர்க்கு எத்துணை ஆறுதல்!

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுவோம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை, பொத்தானில் அடங்கா என்பர் சிலர். ஆங்கிலத்தில் ஆறெழுத்தான ‘சப்மிட்’ என்பதற்குச் ‘சமர்ப்பிக்கவும்’ என ஒன்பதெழுத்தை இட்டு, கட்டத்தின் அகலத்தை ஆங்கிலத்திற்கேற்ப நிறுத்தி, இறுதியெழுத்துக்களை வெட்டிவிட்டுப் பின் தமிழைக் குறைகூறுதல் என்ன நியாயம்? ‘அனுப்புக’ என்பதில் ஐந்தெழுத்தே உள. ‘வேண்டாம்’ என்பதில் நான்கே உள. நம் எழுத்துக்கள் சற்று அகலமானவை என்பதும், மேல்விலங்கும் கீழ்விலங்கும் உடையவை என்பதும் உண்மையே. அதற்கேற்பக் கட்டத்தை நெகிழ விடுதல் அமைப்போர் கடன். எளிய சொல்லைத் தேடித் தருதல் நம் போன்ற தமிழ் மாணவர் கடன்.

இவையெல்லாம் நடைமுறையில் ஒவ்வா என்பார்க்கு, நாம் யாவரும் அறிந்த கருவியொன்றைக் காட்டுகின்றோம். 2001-ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரமே வழங்குகின்றது. ஒவ்வொரு வேட்பாளர் பெயர்க்கும் சின்னத்திற்கும் நேரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தியவுடன் ஒரு செவ்விளக்கும் ஓர் ஒலியும். அருகிலுள்ள கருவியில் 7 நொடி தோன்றும் அச்சுச் சீட்டு. படித்தவரும் படியாதவரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஆளுங்கட்சிக்குப் பெரிய பொத்தானும் எதிர்க்கட்சிக்குச் சாம்பல் நிறமும் ஆங்கு இல்லை. 2013 முதல், ‘இவருள் எவரும் வேண்டா’ என்பார்க்கும் அதே நீலம், அதே அளவு. மறுப்பவர்க்கும் இசைபவர்க்கும் ஒரே மதிப்பை அளிக்கும் அக்கருவியின் அறம், பணம் வாங்குஞ் செயலிகட்கு மட்டும் ஏன் ஒவ்வாது?

நிறுவனத்தார் தமக்கென ஒரு நிறத்தைக் கொள்ளுதல் அவர் உரிமையன்றோ எனின், உரிமையே. அந்நிறத்தை முகப்பில் பூசட்டும், முத்திரையில் பொறிக்கட்டும். ஆனால், இசைவை ஒளியிலும் மறுப்பை இருளிலும் வைக்க அவ்வுரிமை இடந்தராது. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்த் திங்களில் வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய ஏமாற்றமைப்புக்கள் 13 வகையினவெனக் குறித்துத் தடை செய்துள்ளன. ஒரு செய்தியை மிகைப்படுத்தி, மற்றொன்றை மங்கவைத்து, நுகர்வோரைத் தாம் வேண்டிய வழியில் திருப்புதலும் அவற்றுள் ஒன்று. சட்டம் நன்றே. எனினும், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள முதியவர் 99 ரூபாய்க்காக முறையீடு எழுதப் போவதில்லை. ஆதலின், தீமை பிறக்குமிடத்திலேயே, அஃதாவது நிறத்தைத் தெரிந்தெடுப்பவர் மேசையிலேயே, அது தடுக்கப்படுதல் வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது. இம்மாவட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கணினி பயில நம் கல்லூரிக்கு வந்துள்ள நண்பர்கள், இன்னுஞ் சில ஆண்டுகளில் பல்லாயிரவர் கையாளுஞ் செயலிகளை அமைப்பர். அவர்கட்கு மூன்று சோதனைகளை வேண்டிக்கொள்கின்றோம். நீங்கள் அமைத்ததை ஒருமுறை நண்பகல் வெயிலில் வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் நிறமெல்லாம் நீக்கிக் கருமை வெண்மையாக்கும் வசதி உண்டு. அதனை இயக்கி ஒருமுறை பாருங்கள். மூன்றாவதாக, ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர் கையில் அதனைக் கொடுத்து, வாய் திறவாது அருகில் நில்லுங்கள். அவர் ‘வேண்டாம்’ என எண்ணுங்கால் அவர் விரல் தானே அவ்விடத்திற்குச் செல்லுமாயின், உங்கள் வேலை நன்று.

தமிழ் மாணவராகிய நாமும் விலகி நிற்றல் தகாது. பொத்தானில் எழுதுஞ் சொல் ஒன்றேயாயினும், அவ்வொன்றை நம்பியே ஏழை தம் பணத்தைச் செலுத்துகின்றார். நிறம் தெரிந்தெடுப்பாரும் சொல் தெரிந்தெடுப்பாரும் ஒரே மேசையில் அமர்வராக. அப்பொழுதே, “பச்சையைத் தொடலாமா?” என வினவிய அம்மலைநாட்டு முதியவர்க்கு, “அஞ்சாது தொடுங்கள், தாத்தா” என்று நாம் விடை கூற இயலும்.