கருவியும் கருத்தும்

இன்றைய உலகம் இயந்திர உலகம். மாவரைக்கவும் துணி துவைக்கவும் கணக்குப் போடவும் கருவிகள் வந்துவிட்டன. விண்ணில் செல்லும் பயணிகள் விமானத்தையும் பெரும்பாலான நேரம் தானியங்கிக் கருவியே செலுத்துகிறது. 1914ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தருகே சேன் நதியின் மீது லாரன்ஸ் ஸ்பெரி என்ற இளைஞர் இரு கைகளையும் மேலே தூக்கியபடி விமானத்தில் பறந்து காட்டினார். கண்டோர் வியந்தனர். இன்று அதை யாரும் வியப்பதில்லை.

இக்கருவியால் விளைந்த நன்மைகள் பல. அது களைப்படைவதில்லை, உயரமும் திசையும் பிசகாமல் காக்கிறது. வான்பயணம் முன்னைவிடப் பாதுகாப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருவி விழித்திருக்கும்போது மனித மூளை உறங்கிவிடலாமா?

2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகம் இன்னதென்று அறிய முடியாத தானியங்கி, பொறுப்பை விமானிகளிடம் விட்டு விலகியது. அடைப்பு ஒரு நிமிடத்திற்குள் நீங்கிற்று. ஆனால் அதற்குள் விமானி முகப்பை மேலே தூக்க, வேகம் குன்றி, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன. எச்சரிக்கை பலமுறை ஒலித்தும், நேர்ந்தது இன்னதென்று விமானி அறையில் இருந்தோர் உணரவில்லை. ஐந்து நிமிடத்திற்குள் விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், தாமே சிந்திக்க வேண்டிய வேளையில் விமானிகள் திகைத்து நின்றதை மறக்க இயலாது.

நாசா ஆய்வாளர் ஒருவரும் அவருடைய குழுவினரும் 16 விமானிகளை மாதிரி விமான அறையில் சோதித்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். விமானிகளின் கைத்திறன் சற்றே துருப்பிடித்திருந்தாலும் பெரிதும் நிலைத்திருந்தது. விமானம் எங்கே இருக்கிறது, அடுத்து என்ன செய்வது, எந்தக் கருவி பழுது என்று கண்டறியும் சிந்தனைத் திறனே பலரிடம் மங்கியிருந்தது. தானியங்கி இயங்கும்போதும் மனத்தால் அதைப் பின்தொடர்ந்தவர்களிடம் அத்திறன் நிலைத்திருந்தது. ஆகவே குற்றம் கருவியைச் சார்ந்ததன்று. கவனத்தைக் கைவிடும் மனத்தையே சார்ந்தது. வாய்ப்புள்ளபோது விமானிகள் தாமே விமானத்தைச் செலுத்திப் பழக வேண்டும் என்று 2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவுறுத்தியது.

நாம் விமானிகள் அல்லர். ஆயினும் நமக்கும் தானியங்கிகள் உண்டு. கணக்குப்பொறி தரும் விடையை அப்படியே எழுதுமுன், அது ஏறத்தாழச் சரிதானா என்று மனக்கணக்காய்ப் பார்ப்போம். கைப்பேசி வழிகாட்டினாலும் தெருவின் அடையாளங்களைக் கண்டு வைப்போம். வாய்ப்பாட்டைப் பிள்ளைகளிடம் கேட்கும் பழக்கத்தைப் பெற்றோரும் விட்டுவிட வேண்டாம். கருவி நமக்கு நல்ல வேலைக்காரன். அது கைவிரிக்கும் நாளில் பொறுப்பேற்க நம் அறிவு ஆயத்தமாய் இருக்கட்டும்!