பழைய மிதிவண்டியும் பாடபேதமும்

கொடும்பாளூர் வழிகள் கூடும் ஊர். மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் இவ்வூரைச் சுட்டுகிறது. இருக்குவேளிர் மரபினனான பூதி விக்கிரமகேசரி இங்கே எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு தளிகளே நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அவ்வடித்தளமும் அகற்றப்படாமல் காக்கப்பட்டதனாலன்றோ ‘மூவர்’ என்னும் பெயரின் பொருள் காண்போர்க்கு விளங்குகிறது! எஞ்சியதை எஞ்சியவாறே காத்தல் வேண்டும் என்னும் இவ்வறம் கல்லுக்கு மட்டும் உரியதன்று. திண்ணை ஓரத்தில் சாத்திக் கிடக்கும் பழைய மிதிவண்டிக்கும் உரியது என்பதே எம் கருத்து.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு மிதிவண்டி வெறும் ஊர்தியன்று. 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் மகளிர்க்கு அளிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர். மகளிர் வண்டி போதாதபோது ஆடவர் வண்டியையே ஓட்டினர். அத்தகைய வண்டிகள் இன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எஞ்சியவற்றைச் சிலர் விரும்பி வாங்கிப் புதுப்பிக்கின்றனர். புதுப்பித்தல் என்ற பெயரால் நிகழும் அழிவே நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது.

அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வந்த பழைய வண்டிகளின் சட்டத்தில் சூளையில் சுட்ட கறுப்பு வண்ணமும், அதன்மேல் பொற்கோடுகளும், ஆலையின் பெயர் தாங்கிய முத்திரைப் படமும் இருந்தன. அவற்றின்மேல் காலந்தோறும் கட்சிச் சின்னம், நடிகர் படம், கடைப்பெயர் எனப் பலவகை ஸ்டிக்கர்கள் ஏறின. இவற்றை நீக்கப் பிளேடால் சுரண்டுகின்றனர், உப்புத்தாளால் தேய்க்கின்றனர், தின்னர் ஊற்றுகின்றனர். சுட்ட வண்ணம் தின்னரை ஒருவாறு தாங்கினாலும் முத்திரைப் படமும் பொற்கோடும் தாங்கா. ஸ்டிக்கர் போகும், வண்டியின் முகவரியும் உடன் போகும்.

கோயில்களில் சுண்ணாம்பை அகற்ற மணலைப் பீய்ச்சியடித்தபோது கல்வெட்டெழுத்துகளே மழுங்கியதை நாம் அறிவோம். இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

நல்ல முறைக்கு வேண்டுவது பொறுமை ஒன்றே. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் ஸ்டிக்கரின்மேல் வைத்தால் பசை இளகும். பின்னர் ஒரு மூலையை நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் அட்டையாலோ எழுப்பி, மேல்நோக்கி இழுக்காமல் சட்டத்தை ஒட்டியவாறே மெல்ல உரித்தல் வேண்டும். எஞ்சிய பசையில் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு மென்துணியால் துடைக்கலாம். எதனைப் பூசுவதாயினும் கண்ணுக்குப் படாத இடத்தில் முதலில் சோதித்தல் நன்று. இறுதியில் சிறிது சோப்பு நீரால் கழுவி, ஈரம் தங்காமல் உலர்த்தி, மெழுகு பூசினால் துரு அணுகாது. உரிக்கும்போது அடியிலுள்ள முத்திரைப் படமும் சேர்ந்து எழுமாயின், அவ்விடத்தோடு நிறுத்திவிடுதலே அறிவுடைமை.

‘வண்டி என்னுடையது, புதுவண்ணம் அடித்துக்கொள்கிறேன், இதில் பிறர்க்கு என்ன?’ என்று வினவுவார் உளர். நாள்தோறும் ஓட்டும் வண்டியைத் துருப்பிடிக்காமல் காக்க வண்ணம் பூசுவதை நாம் குறைகூறவில்லை. ஆயின் பழைமைக்காகவே ஒன்றைப் போற்றி வாங்கி, அப்பழைமையையே தேய்த்தழிப்பது முரணன்றோ?

தமிழ் பயிலும் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, தாம் ஏற்ற பாடத்தைத் தந்ததோடு வேறுபட்ட பாடங்களையும் குறித்துவைத்தார். வேண்டாததென்று தோன்றியதும் நாளைய ஆய்வாளனுக்கு வேண்டியதாகலாம் என்னும் நேர்மை அது. ஸ்டிக்கர்களுக்கும் இந்நெறி பொருந்தும். எல்லாவற்றையும் உரித்தே தீரவேண்டும் என்பதில்லை. பழைய வாடகைக் கடையின் பெயரோ, இயக்கமொன்றின் வாசகமோ, ஒரு பெண் தன் பெயரை முதன்முதலாக எழுதி ஒட்டிய தாளோ இருக்குமாயின் அதுவும் அவ்வண்டியின் பாடமே. முதலில் படிக்க வேண்டும். படம் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே நீக்குவதா வேண்டாவா என முடிவு செய்தல் வேண்டும்.

கல்வெட்டைப் படியெடுக்கக் கொடும்பாளூர் செல்லும் மாணவர்கள், வழியிலுள்ள சிற்றூர்களில் எஞ்சியிருக்கும் பழைய மிதிவண்டிகளையும் ஒரு பட்டியலாகத் தொகுத்து வரலாம். அரசர் வரலாற்றைக் கற்கள் சொல்லும். தலையில் சும்மாட்டோடு நெடுந்தொலைவு நடந்த பெண்ணொருத்தி சக்கரத்தின்மேல் ஏறி அமர்ந்த வரலாற்றைச் சொல்ல இந்த இரும்புச் சட்டங்களே சான்று. அவற்றைச் சுரண்டாமல் வைத்திருப்பது நம் தலைமுறையின் கடன்.