அணுக் கழிவுக்கு எத்தனை அடி சுவர்? கணக்கைத் தமிழில் போடட்டும்!

கல்பாக்கம், கூடங்குளம் என்றாலே இரண்டு பேச்சுதான். "பயமே வேண்டாம்" என்பார் அதிகாரி. "ஊரே அழிஞ்சு போகும்" என்பார் எதிர்ப்பவர். நடுவில் நிற்கும் கடைக்காரருக்கும், குமாஸ்தாவுக்கும் தெரிய வேண்டியது வேறு. கழிவுக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்கும் சுவர் எத்தனை அடி? அது போதும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

விஷயம் அப்படியொன்றும் கஷ்டமானது அல்ல. உலைக்குப் போகும் புது யுரேனியக் கோலைக் கையுறை போட்டுத் தொடலாம். எரிந்து வெளியே வந்த கோல் அப்படி அல்ல. தடுப்பு இல்லாமல் பக்கத்தில் நின்றால் சில நிமிடத்தில் உயிருக்கே உலை! அதனால்தான் அதை ஆழமான குளத்தில் பல வருடம் போட்டு வைக்கிறார்கள். தண்ணீர் சூட்டையும் தணிக்கும், கதிரையும் தடுக்கும். கரையில் ஆள் சாதாரணமாக நடக்கலாம்.

உலையின் இரும்பும் சும்மா இருப்பதில்லை. அதில் துளியூண்டு கலந்திருக்கும் கோபால்ட், நியூட்ரான் அடிபட்டு கோபால்ட்-60 ஆகிவிடும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 5 வருடம் 3 மாதம் பிடிக்கும்.

அந்தக் கதிரைச் சுமார் 22 செ.மீ. கான்கிரீட் பத்தில் ஒரு பங்காக்கும். அதாவது, ஒரு ரூபாய் 10 காசாகும். இன்னொரு 22 செ.மீ. போட்டால் 1 காசு. சுவர் கனக்கக் கனக்கக் காசு குறையும், சுத்தமாகத் தீராது. எத்தனை காசு மிஞ்சலாம் என்று வரம்பு கட்டுவதுதான் நிபுணர் வேலை. நியூட்ரானுக்கு ஈயம் அவ்வளவாக உதவாது. தண்ணீர், கான்கிரீட் வேண்டும். குழாய் போகும் துளைக்குத் தனிக் கணக்கு. நேராகத் துளை விட்டால் கதிர் அதன் வழியே கிளம்பிவிடும். அதனால் வளைத்து வைப்பார்கள்.

சரி, காகிதத்தில் எல்லாம் சுத்தம். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில் நடந்தது என்ன?

எரிந்த எரிபொருளைப் பிரிக்கும் ஆலையில் ஒரு வால்வு பழுது. வீரியமான கழிவு, வீரியம் குறைந்த கழிவுத் தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. விவரம் தெரியாமல் மாதிரி எடுத்ததில் 6 ஊழியர்கள் வரம்பை மீறிய கதிரை வாங்கிக் கொண்டார்கள். சேதி வெளியே வந்தது மாதக்கணக்கில் கழித்து! தொட்டியில் இருப்பதாக நினைத்ததற்குத்தான் தடுப்பு; உள்ளே இருந்ததற்கு அல்ல. சுவரை மட்டும் கணக்குப் போட்டு, வால்வை விட்டால் இதுதான் கதி.

கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கக் கிடங்கு கட்டும் திட்டத்துக்கு, 2019 ஜூலை 10-ந்தேதி கருத்துக்கேட்பு கூட்டம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே தள்ளி வைத்தார்கள். படிக்கவே முடியாத கணக்குக்கு ஜனங்கள் என்ன கருத்து சொல்வார்கள்? கோஷம்தான் போடுவார்கள்.

சுவர் கனம், வேலி ஓரத்தில் எவ்வளவு கதிர் வரும், வால்வு கெட்டால் மணி அடிக்குமா... இந்த மூன்றையும் ஒரு தாளில், தமிழில் அடித்துக் கொடுக்கலாம். "ரகசியம்" என்று சாக்கு சொல்ல வேண்டாம். பாங்கி லாக்கர் சாவியை யாரும் கேட்கவில்லை. கதவு தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். இனி எந்தக் கூட்டம் என்றாலும், ஒரு மாதம் முன்னதாகவே அந்தத் தாள் ஊராட்சி ஆபீஸ் பலகையில் தொங்கட்டும்.